‘வெளியே போ!’ – மருந்தா, தண்டனையா?

“உங்க பையனை இன்னிக்கும் கிளாஸுக்கு வெளியே நிறுத்திட்டாங்க!”

பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் இப்படிச் சொன்னால், எந்த அம்மாவுக்குத்தான் பகீர் என்றிருக்காது? சில அம்மாக்களுக்குக் கோபம் டீச்சர் மேல் பாயும். சிலருக்குப் பிள்ளை மேல். ராத்திரி அப்பா வந்ததும் அவர் பங்குக்கு இரண்டு வைப்பார். ஆக, ஒரு தப்புக்கு இரண்டு தண்டனை! ‘ஏன் வெளியே அனுப்பினார்கள்?’ என்கிற கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘இது பள்ளிக்கூடத்துச் சமாசாரம், வைத்தியருக்கு இதில் என்ன வேலை?’ என்று நினைக்கிறீர்களா? வேலை இருக்கிறது. “டாக்டர், இவன் வால்தனத்தைக் குறைக்க ஏதாவது லேகியம் இருந்தா குடுங்களேன். தினம் வெளியே நிறுத்துறாங்க” என்று பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு வரும் பெற்றோரை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். டீச்சர்களும் வருகிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும் இல்லையா?

டீச்சர் பக்கத்து நியாயம்

தொண்டை கட்டிக்கொண்டு, குரல் கம்மி, பிளட் பிரஷருக்கும் சேர்த்து மருந்து கேட்டு வந்த ஒரு ஆசிரியை என்னிடம் கேட்டார்: “அடிக்கக் கூடாதுன்னாங்க. சரி, அது நியாயம்தான். வெளியே அனுப்பவும் கூடாதுன்னா, நாற்பத்தஞ்சு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது டாக்டர்?”

யோசித்துப் பாருங்கள். ஒருவன் காம்பஸால் பக்கத்துப் பையனைக் குத்துகிறான். இல்லை, பெஞ்சைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான். அந்த நிமிஷம் அவனை அந்த இடத்திலிருந்து அகற்றித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் மற்ற நாற்பத்து நான்கு பேருக்குப் பாடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. உங்கள் பிள்ளை அந்த நாற்பத்து நான்கில் ஒருவனாக இருந்தால் நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளில் 51-வது விதியைத் திருத்தி, அடிப்பதற்குத் தடை போட்டார்கள். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் முதல் தேதி அமலான கட்டாயக் கல்விச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. 17-வது பிரிவு, உடம்பை வருத்துவதும் கூடாது, மனசைப் புண்படுத்துவதும் கூடாது என்கிறது. பெஞ்சு மேல் நிற்க வைப்பது, முட்டி போட வைப்பது, அறையில் அடைத்து வைப்பது எல்லாமே தண்டனைக் கணக்கில்தான் சேரும் என்று குழந்தைகள் உரிமைகளுக்கான தேசிய ஆணையத்தின் வழிகாட்டுதல் விளக்கியது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது.

எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால், ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்று ஆசிரியருக்குச் சொன்ன அந்தக் கட்டாயக் கல்விச் சட்டத்தில், அடங்காத ஒரு பிள்ளையை எவ்வளவு நேரம், எங்கே, யார் பொறுப்பில் வகுப்புக்கு வெளியே அனுப்பலாம் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் என்ன ஆகிறது? சில ஆசிரியர்கள் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் தினசரி வெளியே அனுப்புகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

பேதி மருந்து மாதிரி!

எங்கள் வைத்தியத்தில் கழிச்சல் மருந்து என்று ஒன்று உண்டு. பேதிக்குக் கொடுப்பது என்று ஊரில் சொல்வார்கள். உடம்பில் தங்கிய கெடுதலை வெளியேற்ற அது அவசியமானது. ஆனால் கண்ட நாளில், கண்ட அளவில் கொடுத்துவிட முடியாது. வயசு பார்க்க வேண்டும், உடல் பலம் பார்க்க வேண்டும், மருந்தின் அளவு பார்க்க வேண்டும். பேதிக்குக் கொடுக்கிறவனுக்கு நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவன் கையில் நல்ல மருந்தும் விஷம்தான்.

‘வெளியே போ’ என்பதும் அப்படிப்பட்ட மருந்து. எப்போதாவது, அளவோடு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு கொடுத்தால் குணம் தரும். அதையே தினமும் கொடுத்தால்?

வெளியே நிற்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாடம் போகிறது. பாடம் போனால் அடுத்த நாள் ஒன்றும் புரியாது. புரியாதவன் சும்மா உட்கார மாட்டான், மறுபடி சேட்டை செய்வான். மறுபடி வெளியே. இப்படியே வட்டம். சாப்பிடாமல் வந்த பிள்ளை வெயில் படும் வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றால் மயங்கி விழவும் வாய்ப்பு உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைக்கு இதையெல்லாம் விடப் பெரிசு மானம். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துச் சிரிக்கும்படி நிற்பதை அது லேசில் மறக்காது.

இன்னொரு விஷயத்தை ஆசிரியர்களே அதிகம் கவனிப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு வெளியே போவது தண்டனையே இல்லை, விடுதலை!

நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தார். “எந்த பீரியட்ல வெளியே அனுப்புறாங்கம்மா?” என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. “ஒரு பத்து நாள் டைரியில குறிச்சிட்டு வாங்க” என்று அனுப்பினேன். குறித்து வந்ததைப் பார்த்தால், எட்டில் ஏழு தடவை இங்கிலீஷ் பீரியட்! அதுவும் ஒவ்வொருவராக எழுந்து பாடத்தை வாய்விட்டுப் படிக்கும் நேரம். தன் முறை வருவதற்கு முன்னால் பையன் ஏதாவது வம்பு செய்துவிடுவான். “போடா வெளியே” என்பார்கள். அவன் வேண்டியதும் அதுதானே! அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. நாற்பது பேர் முன்னால் தடுமாறி அசடு வழிவதைவிட ‘வாலு’ என்று பேர் வாங்குவது அவனுக்கு கௌரவமாகத் தெரிந்திருக்கிறது. கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு அனுப்பினேன். இதற்கு எந்த லேகியம் கொடுக்க முடியும்?

சேட்டைக்குப் பின்னால் உடம்பு!

சித்த மருத்துவம் மனிதனின் ஆயுளை மூன்று பங்காகப் பிரிக்கிறது. முதல் பங்கு வாத காலம், நடுப் பங்கு பித்த காலம், கடைசிப் பங்கு கப காலம். வாதத்தின் குணம் அசைவு. சின்னப் பிள்ளை ஒரு இடத்தில் இருக்காமல் துறுதுறுவென்று இருப்பது அந்த வயசின் இயற்கை. அதை நோய் என்று சொல்லக் கூடாது. மற்றப் பிள்ளைகளைவிடத் தனியாகத் தெரிகிற அளவுக்குப் போனால்தான் காரணம் தேட வேண்டும். நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

காது: சளி பிடித்த பிறகு சில பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, ஆனால் காது மந்தமாகும். ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. ‘சொன்னதைக் கேட்க மாட்டேங்கிறான்’ என்று டீச்சர் சொல்வது நிஜமாகவே கேட்காததால் இருக்கலாம். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா, கூப்பிட்டால் ‘ஆங்?’ என்கிறானா என்று கவனியுங்கள். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சின எண்ணெயை நீங்களாகக் காதில் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வினையாகிவிடும். காது டாக்டர் பார்க்கட்டும்.

கண்: கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரியும். அது என்ன செய்யும்? பக்கத்துப் பிள்ளை நோட்டை எட்டிப் பார்த்து, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கும். டீச்சர் கண்ணுக்கு அது அரட்டை! ஒரு கண்ணாடி போட்டதும் அரட்டை நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கம்: ஆறிலிருந்து பன்னிரண்டு வயசு வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம். பெரியவர்களுக்குத் தூக்கம் போதாவிட்டால் சோர்ந்து விழுவோம். பிள்ளைகளோ நேர்மாறாக ஆட்டம் போடும், எரிந்து விழும். பதினோரு மணி வரை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, காலையில் டீச்சரைக் குறை சொல்லலாமா? ராத்திரி குறட்டை விட்டு, வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். அதற்கும் தூக்கம் கெடும்.

வயிறு: காலையில் ஒரு டம்ளர் பாலோடு ஓடிவரும் பிள்ளைக்குப் பத்தரை மணிக்கே கவனம் கலையும். நம் அரசு 2022-ல் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கி, 2023-ல் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரித்தது இதை உணர்ந்துதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் இன்று பல இடங்களில் வெறும் வயிற்றோடு வருகிறது! குடலில் பூச்சி, ரத்த சோகை இரண்டும் பிள்ளையை நச்சரிக்க வைக்கும். சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ ரசம், பாகற்காய் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டில் இருக்கட்டும். அதோடு பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொள்ளட்டும்.

அடக்கி வைப்பது: அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்தர் நூல்கள் பட்டியல் போடுகின்றன. அதில் பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர் ஐந்தும் வகுப்பறையில் தினம் அடக்கப்படுபவை. “இப்பத்தானே போன, உட்காரு” என்ற அதட்டலுக்குப் பயந்து அடக்கிக்கொண்டு நெளிகிற பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று சொல்வது பாவம். கழிவறை அசுத்தமாக இருப்பதால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன.

மருந்து: இளைப்புக்குக் கொடுக்கும் சால்புட்டமால் சிரப் சில பிள்ளைகளுக்குக் கை நடுக்கமும் படபடப்பும் தரும். சில வலிப்பு மாத்திரைகள் துறுதுறுப்பைக் கூட்டும். புதிதாக மருந்து ஆரம்பித்தால் வகுப்பு டீச்சருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு பற்றி யோசிக்க வேண்டும். பன்னிரண்டு வயசுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், பள்ளியில் மட்டுமில்லாமல் வீட்டிலோ வேறு இடத்திலோ கூடத் தெரிய வேண்டும். இதைக் குழந்தை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வல்லாரையும் நீர்ப்பிரமியும் புத்திக்கு நல்லவை என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. துவையலாகச் செய்து சாப்பிடத் தடையில்லை. ஆனால் அதைத் தின்றால் பிள்ளை கப்சிப் என்று உட்கார்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் தரும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் வருஷம் ஒரு முறை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் தேட வேண்டிய 30 வகைக் குறைகளின் பட்டியலில் காது, கண், கற்றல் குறைபாடு, ஏ.டி.எச்.டி. எல்லாமே இருக்கின்றன. அடிக்கடி வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளின் பெயரை அந்தக் குழுவிடம் முதலில் கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும்!

மற்ற ஊர்களில் எப்படி?

இது நம் ஊர்த் தலைவலி மட்டும் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1995-லேயே கல்விச் சட்டத்தில் ஆசிரியருக்கு இந்த அதிகாரத்தை எழுதிக் கொடுத்தார்கள். பாடம் நடத்தவிடாமல் திரும்பத் திரும்ப இடைஞ்சல் செய்வதை ஆசிரியர் எழுதிப் பதிவு செய்திருந்தால், அந்த மாணவனை வகுப்பிலிருந்து அகற்றலாம் என்று அப்போது விதி வைத்தார்கள். அப்படி அகற்றியவனை அந்த ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் பிரின்சிபாலே திருப்பி அனுப்ப முடியாது. மூன்று பேர் கொண்ட குழு கூடி, அதே வகுப்புதான் அவனுக்கு நல்லது, வேறு வழியில்லை என்று முடிவு செய்தால்தான் அனுப்பலாம். ஆசிரியர் கைக்கு எத்தனை பலம் பாருங்கள்! ஆனால் ‘எழுதிப் பதிவு செய்’ என்றதையும் கவனியுங்கள். கோபத்தில் வாய்க்கு வந்தபடி விரட்ட அன்று விடவில்லை.

இங்கிலாந்து பிள்ளை பக்கத்திலிருந்து யோசித்தது. 2022-ல் அந்த நாட்டுக் கல்வித் துறை பள்ளிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், வகுப்பிலிருந்து அகற்றப்பட்ட பிள்ளை கண்காணிப்பு உள்ள இடத்தில் இருக்க வேண்டும், அங்கேயும் படிப்பு தொடர வேண்டும், பெற்றோருக்கு அன்றைக்கே தெரிவிக்க வேண்டும் என்று சொன்னார்கள். யார் யார் அடிக்கடி அகற்றப்படுகிறார்கள் என்று பள்ளி கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இந்த இரண்டையும் கலந்து கொடுத்தால் நம் பள்ளிக்கூடங்களுக்குச் சரியான மருந்து கிடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆசிரியர்களுக்கு ஒரு பிரிஸ்கிருப்ஷன்

‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அதைப் பக்கத்திலிருந்து கொடுக்கும் ஆள். வெளியே அனுப்பப்படும் பிள்ளைக்கு இல்லாதது அந்த நாலாவது ஆள்தான். ‘வெளியே போ’ என்பதற்குப் பதிலாக ‘இன்னாரிடம் போ’ என்று சொல்லிப் பாருங்கள். தண்டனை மருந்தாகிவிடும்.

* அடிதடி, ஆபத்து என்றால் உடனே அகற்றுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். சாதாரணச் சேட்டைக்கு முதலில் இடத்தை மாற்றுங்கள், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், கரும்பலகையைத் துடைக்கச் சொல்லுங்கள்.

* வராந்தா, வெயில், பூட்டிய அறை மூன்றும் கூடாது. தலைமை ஆசிரியர் அறையோ, நூலகமோ, இன்னொரு ஆசிரியரின் வகுப்போ, ஒரு பெரியவர் கண்பார்வையில் இருக்கட்டும். தனியாக அனுப்பாமல் கூட யாராவது போகட்டும்.

* கையில் வேலை கொடுத்து அனுப்புங்கள். அந்த பீரியட் முடிந்ததும் திரும்ப வர வேண்டும். வந்ததும் இரண்டு நிமிஷம் தனியாகப் பேசுங்கள், வகுப்பு முன்னால் வேண்டாம்.

* தேதி, பீரியட், என்ன நடந்தது என்று மூன்றே வரி நோட்டில் எழுதுங்கள். நாளைக்குப் பெற்றோர் சண்டைக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றுவதும் அந்த நோட்டுதான்.

* ஒரு மாதத்தில் மூன்று முறை அனுப்பிவிட்டீர்களா? நாலாவது முறை அனுப்புவதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மருந்து மூன்று வேளை கொடுத்தும் கேட்கவில்லை என்றால் வைத்தியர் மறுபடி நாடி பார்ப்பாரா, அதே மருந்தை அளவு கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பாரா?

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பு ஆசிரியர் அனுப்பிய பிள்ளையை ‘இதைக்கூடச் சமாளிக்கத் தெரியலையா?’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் ஆசிரியரின் அதிகாரமும் போகும், பிள்ளையின் பயமும் போகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பிள்ளை வெளியே நின்றான் என்று தெரிந்ததும் வீட்டில் இரண்டாவது தண்டனை கொடுக்காதீர்கள். சாப்பிட வைத்து, அப்புறம் கேளுங்கள்: “எந்த பீரியட்? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” பத்து நாள் குறித்து வையுங்கள்.

டீச்சரிடம் போகும்போது சண்டைக்குப் போகாதீர்கள். “எம்புள்ளைய எப்படி வெளியே நிறுத்தலாம்?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “மிஸ், எந்த நேரத்துல இப்படிப் பண்றான்? போர்டு தெரியுதான்னு கவனிச்சீங்களா? முன் பெஞ்சில உட்கார வெச்சுப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். நீங்கள் எதிராளி இல்லை என்று தெரிந்ததும் அவரும் மனசு விட்டுப் பேசுவார். பிள்ளை எதிரில் டீச்சரைக் குறை பேசுவதும் வேண்டாம். வீட்டில் மரியாதை இழந்த டீச்சருக்கு வகுப்பில் மரியாதை கிடைக்காது.

கண், காது பரிசோதனையை இந்த மாதமே முடியுங்கள். ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். காலையில் இட்லியோ, கேழ்வரகுக் கூழோ, வயிறு நிறையக் கொடுங்கள். ராத்திரி ஊற வைத்த பத்து உலர்ந்த திராட்சையைக் காலையில் நன்றாக மென்று சாப்பிடச் சொன்னால் மலச்சிக்கல் விலகும். சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவிலோ மைதானத்திலோ ஓடி விளையாட விடுங்கள். அசைய வேண்டிய வாதம் அங்கே அசைந்துவிட்டால் வகுப்பில் கொஞ்சம் அடங்கும். வாரம் ஒரு நாள் எண்ணெய்க் குளியல், பையனுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்று பழக்கப்படுத்துங்கள்.

பள்ளியில் அடி, அவமானம் என்று எல்லை மீறினால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களுக்குப் போன் போடலாம்.

டீச்சருக்கு ‘வெளியே அனுப்பும்’ அதிகாரம் கண்டிப்பாக வேண்டும். நாற்பத்து நான்கு பிள்ளைகளின் படிப்பு அதில் இருக்கிறது. அந்த நாற்பத்தைந்தாவது பிள்ளை எங்கே போகிறது, யாரிடம் போகிறது, எப்போது திரும்பி வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பள்ளிக்கூடத்தில்தான் அந்த அதிகாரம் பிள்ளைகளைக் குணப்படுத்தும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் நீங்களே எழுந்து கேளுங்களேன்!